எலியா என்னும் பெயரைப் பொருளறிந்து எழுதவும் சூட்டவும் ஒரு வழிகாட்டி

குழந்தைக்கு விவிலியப் பெயர் தேடுவோர் கையில் முதலில் அகப்படுவது பெயர்ப் பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு மூன்று இனிய சொற்களை எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும் அத்தகைய பட்டியலில், எலியா என்பதற்கு 'வலிமையான கடவுள்' என்றோ 'கடவுளின் கொடை' என்றோ பொருள் தரப்பட்டிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. எபிரேய மொழியில் இப்பெயர் ஒரு முழு வாக்கியம். எந்தத் தெய்வத்தை வணங்குவது என்று ஒரு நாடே இரண்டுபட்டு நின்ற காலத்தில் ஒரு பக்கத்தின் கட்சியை எடுத்துரைத்த வாக்கியம். அதைப் பிரித்தறியத் தெரிந்தவர், ஏசாயா, ஒபதியா, யோவேல் முதலிய பிற இறைவாக்கினர் பெயர்களின் அமைப்பையும் எளிதில் கண்டுகொள்ளலாம். பெயரைச் சூட்ட விரும்பும் பெற்றோர், மறையுரையிலோ கட்டுரையிலோ அதை எழுத வேண்டியவர், வேற்று மொழி நூலில் இல்யா என்றோ எலியாஸ் என்றோ கண்டு தயங்கும் மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்காக இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

பெயரைப் பிரித்தல்

எபிரேயத்தில் இப்பெயரின் முழு வடிவம் எலியாஹு. பேசும்போது அழுத்தம் 'யா' என்னும் அசையின்மேல் விழும். ஆலெஃப், லாமெத், யோத், ஹே, வாவ் என்னும் ஐந்தே எழுத்துகளில் எழுதப்படும் இதனுள் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. 'ஏல்' என்பது கடவுளைக் குறிக்கும் பழைய செமித்தியச் சொல். அதன் பின் வரும் இகரம் 'என்' என்னும் பொருளைத் தரும் விகுதி. தமிழில் 'என்' முன்னால் வர, எபிரேயத்தில் அது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. 'யாஹு' என்பது இஸ்ரயேலரின் கடவுளுடைய நான்கெழுத்துப் பெயராகிய யாவே என்பதன் சுருக்கம். மூன்றையும் சேர்த்தால் 'என் கடவுள் யாஹு' என்றாகும்.

ஆங்கிலத்தில் இதை விளக்குவோர் இடையில் இல்லாத ஒரு வினைச்சொல்லைப் புகுத்தியாக வேண்டும். தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. 'அவர் என் ஆசிரியர்' என்பதில் வினையே இல்லாமல் பெயரே பயனிலையாக நிற்பதுபோல, எபிரேயத்திலும் இரண்டு பெயர்கள் அருகருகே நின்றாலே வாக்கியம் முடிந்துவிடும். இடையில் உள்ள இகரம் 'என்' என்னும் பொருளுடையதன்று, இரு சொற்களை இணைக்கும் பழைய ஒலி மட்டுமே என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. அவ்வாறு கொண்டால் 'யாஹுவே கடவுள்' என்று பொருள்படும். எவ்வாறாயினும் 'கொடை' என்பதோ 'வலிமை' என்பதோ இதற்குள் இல்லை. வலிமையைக் குறிக்கும் வேர் எசேக்கியேல் என்னும் பெயரிலும், கொடையைக் குறிக்கும் வேர் நத்தானியேல் என்னும் பெயரிலும் இருக்கிறது. பட்டியல் தொகுப்போர் ஒரு பெயரின் பொருளை இன்னொன்றின் தலையில் வைத்துவிடுவதும் உண்டு.

பிற பெயர்களில் இதைப் பயில விரும்பினால், பெயரின் முதலையும் முடிவையும் பாருங்கள். 'யா' என்று முடியும் ஆண்பெயர்களில் அந்த நான்கெழுத்துப் பெயரின் சுருக்கம் இருக்கும்: ஒபதியா என்றால் யாவின் ஊழியன், ஏசாயா என்றால் யா மீட்பவர், சகரியா என்றால் யா நினைவுகூர்ந்தார். 'ஏல்' என்று முடிவனவற்றில் கடவுள் என்னும் பொதுச்சொல் இருக்கும். தானியேல் என்பது 'கடவுள் என் நடுவர்' என்று பொருள்படும். யோவேல் என்னும் பெயரில் இரண்டும் இருக்கின்றன. முன்னால் வரும் 'யோ' என்பதும் அதே கடவுட்பெயரின் சுருக்கமே ஆகையால், எலியாவை முன்பின்னாக மாற்றி வைத்தால் ஏறத்தாழ யோவேல் கிடைக்கிறது. அல்லேலூயா என்னும் வழிபாட்டுச் சொல்லின் கடைசியில் ஒலிப்பதும் இந்த 'யா' தான். ஆனால் இவ்விதியை ஊர்ப்பெயர்களுக்கு நீட்ட வேண்டாம். சீரியா, சமாரியா என்பவற்றின் ஈறு கிரேக்க மொழி தந்தது.

பொருள் உயிர்பெறும் இடம்

உறுப்புகளைப் பிரித்துவிட்டதனால் மட்டும் பெயர் விளங்கிவிடாது. அது யாருக்கு எதிராகச் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். எலியா கி.மு. 9ஆம் நூற்றாண்டில், வடநாடாகிய இஸ்ரயேலில், ஆகாப் மன்னன் காலத்தில் வாழ்ந்தவராகக் காட்டப்படுகிறார். கி.மு. 853இல் நடந்த கர்கார் போரைப் பற்றிய அசீரியக் கல்வெட்டிலும் ஆகாபின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. அவன் மணந்த யேசபேல் சீதோன் அரசன் ஏத்பாகாலின் மகள். தந்தையின் பெயரிலேயே பாகால் என்னும் தெய்வம் குடியிருப்பதைக் கவனியுங்கள். பாகாலுக்குக் கோயில் எழுப்பிய ஆகாபோ தன் பிள்ளைகளுக்கு அகசியா என்றும் யோராம் என்றும் பெயரிட்டிருந்தான். இரண்டிலும் யா இருக்கிறது. அவன் வீட்டிலிருந்து யூதாவுக்கு மருமகளாகச் சென்ற அத்தாலியாளின் பெயரிலும் அது உண்டு. ஆகவே, யாவின் பெயரைத் தாங்குவதே ஒருவரின் பற்றைக் காட்டிவிடும் என்ற நிலை அன்று இல்லை. சமாரியாவில் 1910இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, அதற்கு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்துப் பொறித்த ஓடுகளில் பாகாலின் பெயர் கொண்டவர்களும் யாவின் பெயர் கொண்டவர்களும் கலந்தே காணப்படுகிறார்கள்.

இந்தச் சூழலில் வைத்துப் படித்தால்தான் எலியா என்னும் பெயரிலுள்ள 'என்' என்ற சிறிய உறுப்பின் கனம் தெரியும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்த அரண்மனையின் முன், இவரே என் கடவுள் என்று ஒரு பெயர் வந்து நிற்கிறது. அரசர்கள் நூலின் ஆசிரியரும் இதை அறிந்தே எழுதியிருக்கிறார். முதல் நூலின் 18ஆம் அதிகாரத்தில், அரண்மனை மேற்பார்வையாளர் ஒபதியாவிடம் எலியா ஒரு செய்தி சொல்லி அனுப்புகிறார்: 'இதோ, எலியா' என்று உன் தலைவனிடம் சொல். எபிரேயத்தில் அதுவே 'இதோ, என் கடவுள் யாஹு' என்றும் படிக்கத்தக்கது. அச்செய்தியை ஆகாபிடம் எடுத்துச் சென்றால் தலை போய்விடும் என்று ஒபதியா மீண்டும் மீண்டும் அஞ்சுவதற்கு அந்த இரட்டைப் பொருளும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

அதே அதிகாரத்தில் கர்மேல் மலைமேல் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே எலியா தனி ஆளாய் நின்று, பலிபீடத்தின்மேல் நெருப்பு இறங்கிய பின், மக்கள் முகங்குப்புற விழுந்து 'கர்த்தரே தெய்வம், கர்த்தரே தெய்வம்' என்று முழங்குகிறார்கள். அந்த முழக்கத்தில் 'என்' ஒன்றைச் சேர்த்தால் அது எலியாவின் பெயர். யூதர்கள் இன்றும் யோம் கிப்பூர் நோன்பின் இறுதி வழிபாட்டில் இவ்வாக்கியத்தையே ஏழு முறை கூறி முடிக்கின்றனர். எனவே பெயருக்குத் தமிழில் பொருள் எழுதும்போது ஏகாரத்தை விட்டுவிடாதீர்கள். 'ஆண்டவர் என் கடவுள்' என்பது வெறும் செய்தி. 'ஆண்டவரே என் கடவுள்' என்பதில் உள்ள பிரிநிலை ஏகாரம், பலருள் ஒருவரைப் பிரித்தெடுத்து மற்றவரை விலக்குகிறது. கர்மேலில் நடந்ததும் அதுதான். சீர்திருத்தச் சபையார்க்கு எழுதினால் 'கர்த்தரே என் தெய்வம்' என்றும், கத்தோலிக்கர்க்கு எழுதினால் 'ஆண்டவரே என் கடவுள்' என்றும், பொது வாசகர்க்கு எழுதினால் 'யாவே என் கடவுள்' என்றும் எழுதுவது பொருந்தும்.

நீண்ட வடிவமும் குறுகிய வடிவமும்

எபிரேய விவிலியத்தில் பெரும்பாலும் எலியாஹு என்றே வரும் இறைவாக்கினரின் பெயர், ஐந்து இடங்களில் மட்டும் கடைசி எழுத்தாகிய வாவ் இல்லாமல் எலியா என்று வருகிறது. நான்கு இடங்கள் அரசர்கள் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தில் உள்ளன; ஐந்தாவது இடம், எலியா மீண்டும் அனுப்பப்படுவார் என்று கூறும் மல்கியாவின் இறுதிப் பகுதி. பாபிலோனியச் சிறைவாசத்துக்கு முன் யூதா நாட்டில் எழுதப்பட்ட முத்திரைகளிலும் ஓடுகளிலும் 'யாஹு' என்ற ஈறே வழக்கம் என்பதையும், பின்னைய காலத்தில் 'யா' பெருகியது என்பதையும் தொல்லியல் காட்டுகிறது. எனவே தமிழில் வழங்கும் எலியா என்பதைச் சிதைவு என்று கருத வேண்டியதில்லை. எபிரேயத்திலேயே அதற்கு இடமுண்டு.

அறிஞர் கூறும் காரணத்தைக் காட்டிலும் யூத மரபு கூறும் காரணம் சுவையானது. யாக்கோபு என்னும் பெயர் ஐந்து இடங்களில் வழக்கத்துக்கு மாறாக ஒரு வாவ் எழுத்தைக் கூடுதலாகப் பெற்றிருக்கிறது. எலியா வந்து தன் பிள்ளைகளுக்கு மீட்பின் செய்தியை அறிவிப்பார் என்பதற்கு ஈடாக, யாக்கோபு அவர் பெயரிலிருந்து அந்த எழுத்தை அடகாக வாங்கி வைத்திருக்கிறாராம். 11ஆம் நூற்றாண்டின் பேருரையாசிரியர் ராஷி, லேவியர் நூல் 26ஆம் அதிகாரத்துக்கு எழுதிய உரையில் இதைக் குறிப்பிடுகிறார். மகனுக்கு எலியா என்று பெயரிட்டுவிட்டு, ஏன் எலியாஹு என்று வைக்கவில்லை என்று கேட்பவர்க்கு விடை தேடுவோர் இந்தக் கதையைச் சொல்லலாம்.

எந்த வடிவம் எந்த வழியில் வந்தது

பெயரின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலி அழகை மட்டும் பார்க்காமல், அது எந்த மரபின் வழியே வந்தது என்று பார்ப்பது நல்லது. கிரேக்க மொழியில் சொல்லின் நடுவே ஹகரத்தை எழுத வழியில்லை. ஆண்பெயர்களுக்குச் சகர ஈறு தேவைப்பட்டது. அவ்வாறு எலியாஹு, புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் எலியாஸ் ஆயிற்று. லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் எலியாஸ், எலி, எலியா, இலியே, இல்லேஷ் ஆகிய வடிவங்களெல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரிடையே ஏலியாஸ் என்னும் பெயர் பெருவழக்காக இருப்பதற்குப் பின்னாலும் இதே வரலாறு உண்டு. 1932இல் பத்தனம்திட்டை அருகே மஞ்ஞினிக்கரையில் மறைந்த அந்தியோக்கியாவின் மறைமுதுவர் மூன்றாம் இக்னாத்தியோஸ் ஏலியாஸின் கல்லறைக்கு ஆண்டுதோறும் மக்கள் நடைப்பயணமாகச் செல்கிறார்கள். கத்தோலிக்கர் 2014இல் புனிதராக அறிவித்த குரியாக்கோஸ் எலியாஸ் சாவறாவும் இப்பெயரைத் தாங்கியவர். அவர் சார்ந்த கார்மேல் துறவியர் மரபு எலியாவைத் தன் ஆன்மிகத் தந்தையாகவே கருதுவதால் அது இயல்பான தேர்வுதான்.

அரபு வடிவமாகிய இல்யாஸ் குர்ஆனில் 6ஆம் அத்தியாயத்திலும் 37ஆம் அத்தியாயத்திலும் வருகிறது. பின்னதில், பஅல் என்னும் தெய்வத்தை அழைக்கும் தம் மக்களை அவர் கண்டிக்கும் செய்தி சொல்லப்படுகிறது. அரசர்கள் நூலின் வழக்கு அங்கும் தொடர்கிறது. அரபுப் பெயரின் கடைசியிலுள்ள சகரம், கிரேக்கம் ஒட்டவைத்த அதே சகரம் என்பது மொழியியலார் கருத்து. தமிழ் முஸ்லிம்கள் இல்யாஸ் என்றும் முஹம்மது இல்யாஸ் என்றும் வைக்கின்றனர். தப்லீக் ஜமாஅத் இயக்கத்தைத் தொடங்கி 1944இல் மறைந்தவரின் பெயரும் முஹம்மது இல்யாஸ்தான்.

ருஷ்யர்களிடம் இது இல்யா. ஓவியர் இல்யா ரேப்பின் பெயர் அதுவே. ஸ்லாவிய நாட்டுப்புறத்தார் இடி முழங்கும்போது எலியா தம் தேரை ஓட்டுகிறார் என்று சொல்வதற்கு, அவர் நெருப்புத் தேர் தோன்றச் சுழற்காற்றில் விண்ணேறிய கதை காரணம். கிரேக்க நாட்டில் மலையுச்சிகளில் அவருக்குச் சிற்றாலயங்கள் எழுப்புவது வழக்கம். சாண்டோரினித் தீவின் மிக உயர்ந்த சிகரத்தின் பெயரே இறைவாக்கினர் இலியாஸ் என்பதாகும். மொழிபெயர்க்கும்போது இத்தகைய பெயர்களைத் தமிழ் விவிலிய வடிவத்துக்கு மாற்ற வேண்டாம். ரேப்பினை எலியா ரேப்பின் என்று எழுதினால் அவரை யாரும் அடையாளம் காணமாட்டார்கள். இறைவாக்கினரைக் குறிக்கும்போது மட்டும் எலியா என்று எழுதி, பிறரை அவரவர் மொழி வழங்கும் ஒலிப்படியே விட்டுவிடுங்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் எலியாஸ் என்பது மக்கள் வாயில் எல்லிஸ் என்று மாறிக் குடும்பப் பெயராயிற்று. எலியட் என்பதும் பெரும்பாலும் அதன் செல்லப்பெயராகவே விளக்கப்படுகிறது. சென்னை ஆட்சியராக இருந்து, தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் எடுத்துக்காட்டிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழில் தம்மை எல்லீசன் என்று எழுதிக்கொண்டார். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் மாலையில் காற்று வாங்கும் எவரும் திஸ்பே ஊர்க்காரரான ஒரு தீர்க்கதரிசியை நினைப்பதில்லை.

யூத வழக்கில் இப்பெயர்

யூதர்களிடையே எலியாஹு என்பது வரலாற்றுப் பெயராக மட்டும் நின்றுவிடவில்லை. அவரை வருகைதரும் விருந்தினராகவே நடத்துகிறார்கள். ஆண்குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யும்போது அவருக்கென ஓர் இருக்கை வைக்கப்படும். மக்கள் உடன்படிக்கையைக் கைவிட்டார்கள் என்று ஓரேபு மலையில் முறையிட்டவர் அவர் ஆகையால், உடன்படிக்கை காக்கப்படுவதை அவரே வந்து பார்க்கட்டும் என்பது மரபு கூறும் விளக்கம். பாஸ்கா இரவு விருந்தில் அவருக்காக ஒரு கிண்ணம் திராட்சை இரசம் நிரப்பி வைத்து, கதவைத் திறந்து வைப்பார்கள். ஓய்வுநாள் முடியும் சனிக்கிழமை இரவில் பாடப்படும் பாட்டு அவரை இறைவாக்கினர், திஸ்பே ஊரார், கிலேயாது நாட்டார் என்று மூன்று அடைகளால் அழைக்கிறது. யூதரைப் பற்றி எழுதும்போது அவரை 'எலியாஹு ஹநவி', அதாவது இறைவாக்கினர் எலியாஹு, என்று குறிப்பிடுவதே அவர்கள் வழக்கு.

இந்தியாவில் இதற்குத் தனிச்சிறப்பான ஒரு கிளை உண்டு. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் யூதர்கள், அலிபாக் அருகிலுள்ள கண்டாலா என்னும் ஊரில் எலியாவின் தேர் தொட்டுச் சென்றதாக நம்பப்படும் பாறையைத் தரிசித்து, வேண்டுதல் நிறைவேறியதும் மலிதா என்னும் படையலை வைக்கிறார்கள். அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்து, பழங்களோடு தட்டில் பரப்பி, எலியாஹு ஹநவியின் பெயரைச் சொல்லிப் பாடிய பின் எல்லோருக்கும் பகிர்வது அதன் முறை. நேர்த்திக்கடனும் படையலும் அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

மயங்கக்கூடிய பெயர்கள்

முதல் மயக்கம் எலிசா. எலியாவின் சீடரும் அவருடைய சால்வையைப் பெற்றவருமான இவரது பெயர் 'என் கடவுள் மீட்பு' என்று பொருள்படும். முதற்பாதி ஒன்றே, பிற்பாதி வேறு. குர்ஆனில் இவர் அல்யஸஉ. இருவரும் ஒரே அதிகாரத்தில் வரும்போது விரைந்து எழுதுபவர் பெயர்களை மாற்றி எழுதிவிடுவது மிக எளிது. அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

இரண்டாவது மயக்கம் ஏலி. சாமுவேலை வளர்த்த குருவின் பெயர் எபிரேயத்தில் அயின் என்னும் வேறு எழுத்தில் தொடங்குகிறது; உயர்வைக் குறிக்கும் வேரோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். அதற்கும் கடவுள் என்னும் சொல்லுக்கும் உறவில்லை. ஆனால் மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் இயேசு சிலுவையில் 'ஏலி, ஏலி' என்று கூவியதாக வருவது 'என் கடவுளே' என்பது. எலியாவின் பெயரிலுள்ள முதல் இரண்டு உறுப்புகள் அவையே. அருகில் நின்றவர்கள் அவர் எலியாவைக் கூப்பிடுகிறார் என்று எண்ணியது ஏன் என்பது இப்போது விளங்கும். மாற்கு நற்செய்தியில் அதே கூவுதல் அரமேயத்தில் எலோயீ என்று வருவதால், அந்த மயக்கத்தின் காரணம் மத்தேயுவில்தான் தெளிவாகத் தெரிகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் குருவின் பெயரும் சிலுவைக் குரலும் ஒரே எழுத்துகளில் அமைந்துவிட்டதால், இரண்டும் ஒன்றென்று தமிழ் வாசகர் எண்ணுவதற்கு இடமிருக்கிறது.

எலியேசர் வேறு பெயர். 'என் கடவுள் உதவி' என்பது அதன் பொருள். எழுத்தாளர் எலி வீசலின் முழுப்பெயர் எலியேசர் என்பதால், பிரெஞ்சு மொழியின் எலி என்பதைக் கண்டவுடன் எலியா என்று முடிவுகட்ட வேண்டாம். மலையாள நாட்டுப் பெண்பெயரான ஏலியம்மா எலிசபெத்தின் வழிவந்தது. உரோமர் எருசலேமுக்கு இட்ட ஏலியா என்னும் பெயர் ஹத்ரியான் பேரரசனின் குடும்பப் பெயர். நுவரெலியா தூய சிங்களச் சொல். அதில் தீர்க்கதரிசிக்கு வேலையே இல்லை.

தமிழில் எழுதும் முறை

ஆகார ஈறு ஆகையால் வேற்றுமை உருபு சேரும்போது வகர உடம்படுமெய் தோன்றும்: எலியாவை, எலியாவிடம், எலியாவுக்கு, எலியாவின், எலியாவோடு. விளியில் எலியாவே என்றாகும். ஓரேபு மலைக் குகையில் ஆண்டவர் அவரை அழைப்பதும் பழைய மொழிபெயர்ப்பில் அவ்வாறே இருக்கிறது. எழுவாயாக நிற்கும்போது பின்வரும் வல்லினம் மிகாது. 'எலியா கர்மேலுக்குப் போனார்' என்பதே சரி. இல்யாஸ் என்பது மெய்யீறு ஆகையால் இல்யாஸை, இல்யாஸுக்கு, இல்யாஸின் என வரும்.

அடைமொழியில் கவனம் தேவை. சீர்திருத்தச் சபையார் எலியா தீர்க்கதரிசி என்றும், கத்தோலிக்கர் இறைவாக்கினர் எலியா என்றும், முஸ்லிம்கள் நபி இல்யாஸ் (அலை) என்றும் எழுதுகின்றனர். ஒரு கட்டுரைக்குள் ஒரு மரபைப் பின்பற்றுங்கள். 1 இராஜாக்கள், கர்த்தர், தீர்க்கதரிசி என்பவை ஒரு குடும்பம். 1 அரசர்கள், ஆண்டவர், இறைவாக்கினர் என்பவை இன்னொன்று. இரண்டையும் கலந்தால் இரு சாராருக்கும் படிக்கும்போது இடறும். (பொது வாசகர்க்கு எழுதும் இக்கட்டுரை இரண்டையும் தொட்டுச் செல்ல வேண்டியிருப்பதால் விலக்குப் பெறுகிறது.) பழைய மொழிபெயர்ப்பு தீர்க்கதரிசிகளை 'வந்தான், சொன்னான்' என்று எழுதும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'வந்தார், சொன்னார்' என்று எழுதும். மேற்கோளுக்குள் மூலத்தில் உள்ளபடி விட்டு, சொந்த நடையில் 'ஆர்' விகுதியையே பயன்படுத்துங்கள். 'அலை' (அலைஹிஸ்ஸலாம், அவர்மீது சாந்தி உண்டாகட்டும்) என்னும் சுருக்கம் நபிமார்கள், வானவர்கள் போன்றோருக்கு உரியது. இல்யாஸ் என்னும் பெயருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைச் சேர்க்கக் கூடாது.

குழந்தைக்குச் சூட்டும்போது

எலியா ஆண்பெயர். ஆகார ஈற்றைக் கேட்டுப் பெண்பெயரோ என்று எண்ணுவோர் உண்டு. எரேமியா, நெகேமியா, சகரியா எல்லாமே அவ்வாறு முடியும் ஆண்பெயர்கள் என்பதைச் சொல்லிவிட்டால் போதும். தமிழ்நாட்டில் பெற்றோர் உண்மையில் யோசிக்க வேண்டியது செல்லப்பெயரைப் பற்றியே. எபிரேயத்தில் எலி என்று சுருக்குவது இயல்பு. தமிழில் அவ்வாறு சுருக்கினால் பள்ளியில் பிள்ளை என்ன பாடுபடுவான் என்று சொல்லத் தேவையில்லை. லியா என்று சுருக்கினால் யாக்கோபின் மனைவியின் பெயராகிவிடும். முழுப்பெயரே மூன்றெழுத்து ஆகையால் சுருக்காமலே அழைக்கலாம். அல்லது கிழக்கு ஐரோப்பிய யூதர் இத்திய மொழியில் அழைப்பதுபோல எல்யே என்று அழைக்கலாம். இந்தத் தயக்கம் பெரிதாக இருப்பின் எலியாஸ் என்னும் வடிவத்தைத் தேர்ந்துகொள்வதே எளிய வழி.

ஆங்கில எழுத்துக் கூட்டலை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜே எழுத்துடன் எழுதும் ஆங்கில விவிலிய வடிவத்தை ஆங்கிலேயர் இலைஜா என்று ஒலிப்பார்கள்; அந்த ஜகரம் எபிரேயத்தில் இல்லை, யகரம் இங்கிலாந்தில் பெற்ற வேடம் அது. வெளிநாட்டில் வளரப்போகும் குழந்தைக்கு அவ்வடிவம் வசதியானது. ஆனால் அங்கே ஆசிரியர் அழைக்கும் பெயரும் வீட்டில் பாட்டி அழைக்கும் பெயரும் வேறுவேறாக ஒலிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ் ஒலிப்பே முக்கியம் எனில் ஒய் எழுத்தைச் சேர்த்து எழுதுவது தெளிவு. ஜகரமும் யகரமும் இல்லாமல் ஐ, ஏ என்று முடித்தால், ஸ்பானிய மொழியில் அது பெண்பெயராகப் படிக்கப்படும், இத்தாலியத்தில் ஆண்பெயராகப் படிக்கப்படும்.

தேர்ந்த எழுத்துக் கூட்டலைத் திருமுழுக்குச் சான்றிலும் பிறப்புச் சான்றிலும் ஒன்றாகவே எழுதச் சொல்லுங்கள். ஆலயப் பதிவேட்டில் எலியாஸ் என்றும் நகராட்சிப் பதிவேட்டில் ஜே சேர்ந்த எலைஜா என்றும் இருந்தால், பின்னாளில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டிவரும். பிறப்பைப் பதியும்போது பெயர் முடிவாகவில்லை எனில் அவசரப்பட வேண்டியதில்லை. பதிவு செய்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கப் பிறப்பு, இறப்புப் பதிவு விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை மாற்றுவது அவ்வளவு எளிதன்று என்பதால், தமிழ் வடிவத்தையும் ஆங்கில எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, சான்றிதழைக் கையில் வாங்கும்போதே ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.